வாசலில் கேட்ட பெயர்

சியாங் மாய்,
விளக்குத் திருவிழா முடிந்த வாரம்.

அன்புள்ள யமினுக்கு,

உனக்கு நான் கடிதம் எழுதுவதற்கே முதலில் நீ என்னை மன்னிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ போன் செய்கிறாய், உன் அப்பா பேசி முடித்துவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டுகிறார், நீ “நல்லா இருக்கீங்களா” என்கிறாய், நான் “இருக்கேன், நீ சாப்பிட்டியா” என்கிறேன், அதற்குமேல் உனக்கும் வார்த்தை வருவதில்லை எனக்கும் வருவதில்லை, போன் திரும்பவும் உன் அப்பா கைக்குப் போய்விடுகிறது. காகிதத்தில் என்றால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். உன்னை எப்படிக் கூப்பிட்டு எழுதுவது என்பதிலேயே இரண்டு தாள் வீணாகிவிட்டது. உன் அப்பாவின் மனைவி ஆயிற்றே என்று மகளே என்று எழுதினேன், உன்னைவிட எட்டு வயதுதான் மூத்தவள் நான், எனக்கே கூச்சமாக இருந்தது. தங்கச்சி என்று எழுதினேன், அப்படியானால் உன் அப்பா எனக்கு என்ன முறை ஆவார் என்று யோசித்து அதையும் கிழித்துவிட்டேன். வெறும் யமின் என்றே இருக்கட்டும். இங்கே உன் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அவருக்கு ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது, ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று, அதற்குப் பிறகு தலையங்கத்தில் காரம் குறைந்துவிட்டது என்று ஆபீசில் கேலி செய்கிறார்கள். உன் ஊரில் இப்போதே குளிர் பிடித்துவிட்டது என்றாயே, ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும்போது காதை மூடிக்கொண்டு போகிறாயா, ராத்திரி ஷிப்டு இன்னும் உண்டா, இதெல்லாம் போனில் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டவை. உன்னிடம் கேட்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு இன்னும் துணிவு வரவில்லை, எழுதிக்கொண்டே போனால் கடைசிப் பக்கத்திலாவது வரும் என்று ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் ஊருக்குத் திரும்புவது பற்றி அப்பா சொல்லியிருப்பார். ஊரில் தடை என்பதால் இத்தனை வருஷம் இங்கிருந்து நடத்திய நம் ‘வேங்கைப்பூ’ இதழை இனிமேல் ரங்கூனிலேயே அச்சடிக்கலாம் என்று அனுமதி வந்திருக்கிறது. ஆபீசில் பாதிப்பேர் நம்புகிறார்கள், பாதிப்பேர் நம்பவில்லை, நம்பாதவர்கள்தான் முதலில் பெட்டி கட்டுகிறார்கள். சமையல்கார அம்மா டோ ஓன் மட்டும் பெரிய அண்டாவையும் ஆட்டுக்கல்லையும் எதிர்ப்பக்கத்து நூடுல்ஸ் கடையில் கொடுத்துவைத்திருக்கிறார். விற்றால் நல்ல விலை வருமே என்று சொன்னதற்கு, “விக்கமாட்டேன், நம்ம ஊர் சர்க்கார் பேச்சை நம்பி அண்டாவை வித்தவ யாரும் கிடையாது” என்றார். வேங்கை மரம் வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும், அந்தப் பெயரை வைத்தால் இதழ் மாசாமாசம் எப்படி வரும் என்று இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான், இப்போது ரங்கூன் இதழ் வரப்போகிறது என்றதும் வீட்டுக்கார தாய்லாந்து அம்மாவிடம் போய்ப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு நாங்கள் போவதில் வருத்தமா சந்தோஷமா என்று தெரியவில்லை. நாப்பி மீன்விழுது வறுக்கிற வாசனை இனி இருக்காது என்று ஒருமுறை சந்தோஷப்பட்டாள், அடுத்த நிமிஷமே டோ ஓன் தோளில் சாய்ந்து அழுதாள். ஆபீஸ் பூனை உனக்கு நினைவிருக்கும், அச்சுத்தாள் எதை வைத்தாலும் அதன்மேல் படுத்து ஓரத்தைக் கடிக்கும், அதனால் சென்சார் என்று பெயர் வைத்தோமே, ஊரில் தணிக்கையை எடுத்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்ன அதே வாரம் அது நாலு குட்டி போட்டிருக்கிறது. “ஒண்ணு போச்சுன்னா நாலு வரும், எழுதி வச்சுக்க” என்றார் உன் அப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த முதல் ரங்கூன் இதழில் எல்லாரும் சொந்தப் பெயரில் வரவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த யோசனையைச் சொன்னதே உன் அப்பாதான். மாடியில் கூட்டம் போட்டு, “இத்தனை வருஷம் முகத்தை மூடிக்கிட்டு உண்மை எழுதினோம், இனிமே முகத்தைக் காட்டி எழுதுவோம், அதுல வர்ற தப்புக்கும் நம்ம பேர்லயே திட்டு வாங்குவோம்” என்று பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். அப்புறம்தான் வேடிக்கை ஆரம்பித்தது. பக்கத்து நாற்காலியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவர்களுக்கு ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. கேட்கக்கூடாது என்பதுதான் இங்கே முதல் பாடம், யாராவது பிடிபட்டால் தெரியாத பெயரை அடித்தாலும் சொல்ல முடியாது அல்லவா. அதனால் ஒவ்வொருவரும் எழுந்து நின்று பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மாதிரி பெயரைச் சொன்னோம். கணிப்பொறியில் பக்கம் கட்டுகிற கோ டுன்னின் முறை வந்தது. அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, “என் பேர் ஆங் பியே” என்றார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை, டோ ஓன்தான் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, “டேய், அப்ப நீ ஞாயித்துக்கிழமை பொறந்தவனா?” என்று கத்தினார்.

உனக்குப் புரிந்திருக்கும். பிறந்த கிழமைக்கு உரிய எழுத்தில்தானே நம் ஊரில் பெயர் வைப்பார்கள், டுன் என்றால் சனிக்கிழமைப் பெயர், ஆங் என்றால் ஞாயிறு. போன வருஷம் அவர் மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் உடைந்து படுத்திருந்தபோது, சீக்கிரம் குணமாக வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் முறை போட்டுக்கொண்டு கிழமைக்கு ஒரு மூலையும் ஒரு விலங்கும் இருக்கிற பர்மிய விகாரைக்குப் போய், அவர் கிழமை என்று நினைத்து, சனிக்கிழமை மூலையில் இருக்கிற நாகத்துக்குத் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை மூலையில் இருப்பதோ கருடன். கோ டுன் தலையில் கை வைத்துக்கொண்டு, “நான் இங்க எலும்பு கூடாம படுத்துக் கெடக்கேன், நீங்க எல்லாரும் சேர்ந்து என் எதிராளிக்குக் குடம் குடமா ஊத்தியிருக்கீங்க” என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் நல்லதும் ஒன்று நடந்தது. நிருபர் மா பியோனுக்கும் அவருக்கும் ஒரு பிரியம் என்பது பூனைக்குக்கூடத் தெரியும், நடுவில் நின்றவர் டோ ஓன்தான். பியோன் வியாழக்கிழமைக்காரி, எலி மூலை. சனிக்கிழமை நாகமும் வியாழக்கிழமை எலியும் ஒரே வீட்டில் இருந்தால் விளங்குமா என்று இரண்டு வருஷமாக மறித்துக்கொண்டிருந்தார். பியோன் உஷாரானவள், புனைபெயர் வைக்கும்போதே வேண்டுதல் மூலை மாறக்கூடாது என்று சொந்தப் பெயரின் எழுத்திலேயே வைத்தவள், அவள் வியாழன்தான். ஞாயிறும் வியாழனும் நட்புக் கிழமை ஆயிற்றே. டோ ஓன் அந்த இடத்திலேயே, “அப்ப பண்ணி வச்சுடலாம்” என்றார். பியோன் விடவில்லை, “ஏன் அம்மே, கருடன் மட்டும் எலியைத் திங்காதா?” என்று கேட்டாள். “திங்கும்டி, ஆனா பாம்பு மாதிரி முழுசா முழுங்காது” என்றார் டோ ஓன். கோ டுன் சிவந்துபோய்க் கணிப்பொறிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். ரங்கூன் போனதும் கல்யாணம். உன்னைக் கட்டாயம் கூப்பிடச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.

என் முறையும் வந்தது. நானும் எழுந்து நின்றேன். நீ என்னை மா கைங் என்றுதான் அறிவாய், என் பெயர் மி நொன் சான். கூட்டத்தில் அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. என் அப்பா முடோன் பக்கத்தில் ரப்பர் பால் எடுக்கிறவர், எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியது நான் ஒருத்தி, அதுவும் வீட்டிலிருந்தே தபாலில் படித்து வாங்கினது. பட்டத்தில் வந்த பெயரைத் தவிர எங்கள் குடும்பத்தில் யார் பெயரும் அச்சில் வந்ததில்லை. எல்லார் பெயரும் வருகிற பக்கத்தில் ‘மெய்ப்பு: மி நொன் சான்’ என்று வரும் என்று கோ டுன் காட்டினபோது பிழை இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டோ ஓனுக்கு மட்டும் மாற்றுப் பெயர் எதுவும் இல்லை, அவர் ஆதியிலிருந்தே சொந்தப் பெயர்தான். “மொய்ங்கா மீன்குழம்பு செய்யறதுக்கு எதுக்குடி ரகசியப் பேரு, குழம்பு நல்லா இல்லன்னா வந்து என்னையே கேக்கட்டும்” என்பார். அவர் பெயரையும் சமையல் என்று போட்டு அந்தப் பக்கத்தில் சேர்த்துவிட்டார்கள். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கு எல்லாருக்கும் இரண்டு முட்டை வைத்தார்.

எல்லாரும் சொல்லி முடித்தபிறகு பியோன், “சயா, உங்க பேரு?” என்று கேட்டாள். உன் அப்பா, “நான் லின் தெட், லின் தெட்டுன்னே போடுங்க” என்று சொல்லிவிட்டு, கெண்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று எழுந்து கீழே போய்விட்டார். கெண்டி நிறைய இருந்தது. முதலில் விளையாட்டு என்று நினைத்தார்கள், அப்புறம் கெஞ்சினார்கள், அப்புறம் கோபம் வந்துவிட்டது. ஆசிரியர் முகத்தை மூடிக்கொண்டு எங்களை மட்டும் முகம் காட்டச் சொல்வது என்ன நியாயம் என்று பியோன் நேருக்கு நேரே கேட்டாள். கோ டுன் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார், “சயா பேர் வந்தா எங்க பேரும் வரும். வரலன்னா பழைய பேர்லயே போவோம், இல்ல பேர்ப் பக்கமே வேணாம்.” அந்தப் பக்கத்தைக் கட்டி முடித்து, ஆசிரியர் என்ற இடத்தில் மட்டும் வெறும் புள்ளியாக வைத்து, சுவரில் ஒட்டியிருக்கிறார். போகிறவர்கள் வருகிறவர்கள் பென்சிலால் புள்ளியின்மேல் எதையாவது எழுதிவைக்கிறார்கள், கெண்டி நிரப்புபவர், பல் போன பெரியவர், சென்சாரின் மாமனார் என்று. அவரும் பார்த்துச் சிரித்துவிட்டு மெல்ல அழித்துவைக்கிறார். நடௌ மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் கோ டுன் பக்கங்களை எடுத்துக்கொண்டு ரங்கூன் கிளம்புகிறார். அதற்குள் அந்தப் புள்ளியில் ஒரு பெயர் வர வேண்டும்.

உன் அப்பா என்னிடம் மட்டும் காரணத்தைச் சொன்னார். சந்தைக்குப் போய் வரும் வழியில், நான் பின்னால் கத்தரிக்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா, அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். அவர் எல்லையைத் தாண்டி வந்தபிறகு மௌல்மேனில் உங்கள் வீட்டுக்கு வாரத்துக்கு ஒருமுறை சர்க்கார் ஆட்கள் வந்து அவர் எங்கே என்று கேட்டதும், உன் அம்மா ஒரு நாள் அவர் காட்டில் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொல்லிவிட்டதும், அதை ஊர் நம்ப வேண்டும் என்று ஏழாம் நாளுக்குப் பிக்குகளை அழைத்துச் சோறு போட்டுப் புண்ணியம் பகிர்ந்ததும் உனக்குத் தெரிந்த கதைதான். உன் அப்பா அதையும் வேடிக்கையாகத்தான் சொல்வார். “என் ஏழாம் நாளுக்குப் பன்னிக்கறி போட்டிருக்கா. நான் இருந்தவரைக்கும் அந்த வீட்ல வெறும் பருப்புதான், செத்தாத்தான் மரியாதை.” ஆனால் அன்று வண்டியில் அந்தக் கதையைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. “அந்த வருஷம்தான் யமினைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தா. அப்பா பேருன்னு கேட்ட இடத்துல என் பேரை எழுதிப் பக்கத்துல ‘காலமானார்’னு எழுதச் சொல்லிக்கொடுத்தா அவங்கம்மா. ஒவ்வொரு வகுப்புக்கும் என் பொண்ணு அதைத் தன் கையால எழுதியிருக்கா, பட்டத்துக்குப் போற வரைக்கும். இப்ப நான் பேரைப் போட்டுக்கிட்டு எழுந்து வந்தா, அவ பொய் சொன்னவ, அவங்கம்மா சோறு போட்டு ஊரை ஏமாத்தினவ. அந்த அம்மா எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. நான் எழுதிச் சம்பாதிச்ச பேரு லின் தெட். இன்னொரு பேரு அவங்களுது, அவங்க அதைப் பொதைச்சு வச்சுக் காப்பாத்தினாங்க, நான் தோண்டி எடுக்கக்கூடாது” என்றார். யமினையே கேட்டுவிட்டால் என்ன என்று நான் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “என்னன்னு கேக்கறது? நான் உயிரோட இருக்கலாமான்னா?” என்றார். கத்தரிக்காய் நசுங்குகிறது என்று சொன்னேன், வண்டியை எடுத்தார்.

அவர் சொல்லாத ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உன் பிறந்தநாளுக்கு அப்பா விகாரைக்குப் போவது உனக்குத் தெரியும். மற்ற நாளில் ஆபீஸ் கூட்டத்தோடு போனால் லின் தெட்டுக்கு உரிய புதன்கிழமை மூலையில், தந்தமுள்ள யானைக்கு ஊற்றிவிட்டு வந்துவிடுவார். சாமி முன்னால்கூட அந்தப் பெயரை விடமாட்டார். உன் பிறந்தநாளில் மட்டும் யாரும் எழுந்திருக்கும் முன்பே தனியாகப் போவார். போன வருஷம் குடையை மறந்துவிட்டுப் போனார் என்று நான் பின்னால் கொண்டுபோனேன். புதன் மதியத்துக்குமேல் பிறந்த உனக்குரிய தந்தமில்லாத யானைக்கு முதலில் ஊற்றினார், நிதானமாக, குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி. அப்புறம் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை மூலைக்குப் போய்ப் புலிக்கு ஊற்றினார். அவர் சொந்தப் பெயருக்கு உரிய கிழமை அதுதான். நான் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன், கூப்பிடவில்லை. மகளுக்காக வேண்டிக்கொள்கிற அன்றைக்கு மட்டும் அவர் தன் பெயரிலேயே நின்று வேண்டிக்கொள்கிறார். நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார், நானும் குடையைப் பிடிக்காமலே வந்தேன், இரண்டு பேரும் நனைந்திருப்பதைப் பார்த்து டோ ஓன், “ஒரு வீட்ல ஒரு குடைதான் இருக்குன்னா ஒருத்தராவது காஞ்சு வரணும்ல” என்று திட்டினார்.

ஊர் என்ன சொல்லும் என்று அவர் பயப்படுகிறார். எனக்குத் தெரிந்தவரை மௌல்மேன்காரர்கள், அந்த அம்மா எங்களைச் சோறு போட்டே ஏமாற்றிவிட்டாள் என்று இன்னொரு தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பார்கள், உன் அம்மாவின் சாமர்த்தியத்தைப் பாராட்டுவார்கள். இதை நான் சொன்னால் எடுபடாது. நான் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, இன்னமும் ஆபீசில் எல்லாரும் வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரி அவரைச் சயா என்றுதான் கூப்பிடுகிறேன், வேறு மாதிரி வாயில் வருவதில்லை. இந்த விஷயத்தில் பேச உரிமையுள்ளவர்கள் இரண்டு பேர், அதில் உன் அம்மா இப்போது இல்லை. அவர் சொந்தப் பெயர் வர வேண்டாம் என்று நீ நினைத்தாலும் அதில் தவறு ஒன்றுமில்லை யமின். அப்படியானால் நாங்கள் பழைய பெயரிலேயே ஊருக்குப் போவோம், என் பெயர் அடுத்த இதழிலோ அதற்கடுத்த இதழிலோ வந்துகொள்ளட்டும், நான் முடோனுக்கு நேரில் போய் என் அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன். இதை மனதார எழுதுகிறேன்.

மற்றபடி இங்கே மழை விட்டுவிட்டது. விளக்குத் திருவிழாவுக்கு மாடிப்படி முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றினோம், நீ அனுப்பின கம்பளி மேலங்கியை இந்த வெயிலிலும் அப்பா போட்டுக்கொண்டு எல்லாருக்கும் காட்டினார், வியர்த்து வழிந்தது, கழற்ற மறுத்துவிட்டார். ஊறவைத்த தேயிலை இரண்டு பொட்டலம் இந்த வாரம் உனக்குத் தபாலில் வரும், ஒன்றில் டோ ஓன் வறுத்த பூண்டும் எள்ளும் தனியாகக் கட்டி வைத்திருக்கிறார், கலந்துவிட்டால் நமுத்துப்போகும், சாப்பிடும்போது மட்டும் கலந்துகொள். உன்னோடு வேலை செய்கிற அந்த ஊர்ப் பெண்ணுக்குக் கொஞ்சம் கொடு, பச்சை மிளகாயை முதலிலேயே எடுத்துவிடு, போன தடவை மாதிரி அவள் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வேண்டாம். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்றாயே, அப்படி இருட்டுகிற நாளில் விளக்கைப் போட்டுக்கொண்டு வெந்நீரில் கால் வை, மனசு சரியாகும். பணம் எதுவும் அனுப்பாதே, நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள்.

புத்தரும் தம்மமும் சங்கமும் உனக்கு நிழலாக இருக்கட்டும். வழுக்குகிற பாதையில் உன் கால் உறுதியாக இருக்கட்டும், நீ ஊசி போடுகிற கை நடுங்காமல் இருக்கட்டும், உன் சிரிப்பு உன் அம்மாவின் சிரிப்பு மாதிரி என்று அப்பா சொல்வார், அது குறையாமல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் இந்தக் கடிதத்தைப் பற்றி எதுவும் சொல்லிவிடாதே, நான் எழுதினது அவருக்குத் தெரியாது.

உன் அப்பாவின் வீட்டிலிருந்து,
மி நொன் சான்

கையெழுத்துப் போட்ட பிறகுதான் துணிவு வந்திருக்கிறது. உன் அம்மா போனபின் நீ முதன்முதலாக இந்த ஊருக்கு வந்த அன்று வாசலில் நின்று அப்பாவைச் சொந்தப் பெயர் சொல்லிக் கேட்டாய். கோ டுன் நீ யாரோ உளவு பார்க்க வந்தவள் என்று பயந்து, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார். அப்பா சாயங்காலம் வெளியே வரும்வரை எதிர்ப்பக்கத்து நூடுல்ஸ் கடையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாய். நீ கேட்ட பெயர் என்ன என்று இப்போது எல்லாரும் கோ டுன்னைப் போட்டு உலுக்குகிறார்கள், “கேட்ட பேரை மறக்கறதுக்குத்தானே பழகியிருக்கோம், நீளமான பேரு, அவ்வளவுதான் ஞாபகம்” என்கிறார் பாவம். அன்றிலிருந்து நீ அனுப்புகிற எல்லா உறையிலும் லின் தெட் என்றே எழுதுகிறாய். எனக்கு அந்தப் பெயர் தெரியும், கல்யாணத்தன்று மெதுவாகச் சொன்னார். இந்தக் கடிதத்தில் வேண்டுமென்றேதான் எழுதவில்லை, அது நீ எழுத வேண்டியது.

இங்கே தபால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வரும், உனக்குத் தெரியும். டோ ஓன் கரண்டியை வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரி ஒவ்வொரு உறையிலும் உள்ள பெயரை உரக்க வாசிப்பார், உரியவர் எழுந்து போய் வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்காதவருக்குக் குழம்பு கிடையாது. உனக்கு மனம் இருந்தால், பௌர்ணமிக்கு முன்னால் வந்து சேரும்படி ஒரு உறை அனுப்பு. விலாசத்தைத் தபால்காரருக்காக ஆங்கிலத்தில் எழுது, அப்பாவின் பெயரை மட்டும் டோ ஓன் வாசிக்கும்படி நம் எழுத்தில் பெரிதாக எழுது. பக்கத்தில் வேறெதுவும் எழுதாதே. உள்ளே கடிதம் வைக்க வேண்டாம், வெறும் உறையே போதும். அன்று வாசலில் கேட்ட பெயரை இன்னும் ஒரே ஒரு முறை கேள் யமின், இந்தத் தடவை அவர் எழுந்து வருவார்.